முதல்ல ஒயரைப் பிடுங்கணும்

லேப்டாப்பில் எதையாவது கொட்டிவிட்டு சர்வீஸ் சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாயைத் திறந்தாலே பொய்தான். வெறும் தண்ணீர் என்பார்கள்; கழற்றினால் உள்ளே சர்க்கரை பிசுபிசுக்கும். மழையில் நனைந்துவிட்டது என்பார்கள். கொண்டுவந்த பையோ காய்ந்துபோய் மொடமொடவென்று இருக்கும். ஒன்றுமே படவில்லை, தானாக அணைந்துவிட்டது என்று சத்தியம் செய்கிற ஆசாமிகளும் உண்டு. அவர்களுடைய கீபோர்டுக்கு அடியில் ஆரஞ்சுப் பழத்தின் சக்கையே ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே பழுது பார்க்கிற சின்னவள் இவர்களோடு வாதாடுவதில்லை. கழற்றிய கீபோர்டை முகத்துக்கு அருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, பால் காபி, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். எதிரே நிற்கிறவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரில் இருக்கும் விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். இதனால் சென்டரில் அவளுக்குப் பெயரே மூக்கு. மேனேஜர்கூட, இதை மூக்குகிட்ட குடுங்கப்பா என்றுதான் சொல்வார்.

வீட்டில் அவள் பாப்பா. முப்பது தாண்டி, கண்ணாடி போட்டு, தலையில் இரண்டொரு நரையும் எட்டிப் பார்த்துவிட்ட பிறகும் பாப்பாதான். அப்படிக் கூப்பிடுவதற்கு வீட்டில் இருப்பது ஒரே ஓர் ஆள், அக்கா. அம்மா இறந்து, அப்பா வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கியபோது சின்னவள் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அக்கா அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, ஊர் உலகத்து நோயாளிகளின் போர்வையையெல்லாம் துவைத்து, தங்கையை ஆளாக்கினாள். நடுவில் ஒரு வரன் வந்தது. சின்னதை எங்கேயாவது ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்தால் கல்யாணம் என்று அவர்கள் சொல்ல, அக்கா அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட்டாள். அதோடு அவளுடைய கல்யாணப் பேச்சும் முடிந்தது.

இதெல்லாம் சின்னவளுக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கதை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அந்த வரன் வருவான். உப்பு கூடினாலும் வருவான். தோழிகளோடு சினிமாவுக்குப் போய்க் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினால் அவன் வாசலிலேயே நிற்பான். அக்கா கத்தமாட்டாள், அழமாட்டாள். நான் மட்டும் அன்னைக்குச் சரின்னு சொல்லியிருந்தா, என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திவிடுவாள். முடித்திருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். சின்னவளுக்கு நன்றி இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. மூச்சு முட்டும் அளவுக்கு இருந்தது என்பதுதான் சங்கடம்.

அப்படி இருக்கும்போதுதான் வேறொரு ஊரிலிருந்த பயிற்சி நிலையம் ஒன்று, லேப்டாப் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆசிரியை வேண்டும் என்று கேட்டது. சின்னவள் விண்ணப்பித்தாள், நேர்காணலும் முடிந்தது, அவளை அவர்களுக்குப் பிடித்தும் போனது. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார்கள். திரவம் கொட்டிய லேப்டாப்பை எப்படிக் காப்பாற்றுவது என்று பாடங்கள் நடத்தி, அவற்றைப் படம் பிடித்து, சொன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டும். அது சரியாக இருந்தால் வேலை அவளுக்கு. தங்க ஓர் அறையும் தருவார்கள். நாள் முழுவதும் மற்றவர்கள் கொட்டியதைத் துடைத்துக்கொண்டிருக்கும் பிழைப்பு போய், சொல்லிக்கொடுக்கிற பிழைப்பு. அதைவிடப் பெரிது, தன் அறைக்குத் தானே சாவி வைத்துக்கொள்ளலாம். இதைப் பெரிது என்று நினைப்பதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தாள்.

அக்காவிடம் சொன்னபோது, அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், நல்லதுதானே என்றாள். வரன் வரவில்லை. சின்னவளுக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

அதிசயம் அதோடு நிற்கவில்லை. பாடத்தைப் படம் பிடிக்க இன்னோர் ஆள் தேவைப்பட்டது. எதையாவது கொட்டிவிட்டுத் திருதிருவென்று விழிக்கிற வாடிக்கையாளராக யாராவது நடிக்க வேண்டும். அக்காவைக் கேட்டாள். எனக்கு எதுக்கு இந்த வேஷமெல்லாம் என்று முதலில் பிகு பண்ணிய அக்கா, இரண்டாம் நாளே புடவையை மாற்றி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போன பழைய லேப்டாப் ஒன்றின் மேல் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்து ஐயையோ என்று அவள் அலறியதில் பக்கத்து வீட்டுக் கதவே திறந்துகொண்டது. இவ்வளவு வேண்டாம் அக்கா, செத்தது லேப்டாப்தான் என்று சின்னவள் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்து அன்றைக்குப் படம் பிடித்த மாதிரிதான். அந்தச் சில வாரங்கள் போல அந்த வீட்டில் என்றைக்கும் சிரிப்பு இருந்ததில்லை. இவ்வளவு நல்லவளை விட்டுவிட்டா போகப்போகிறோம் என்றுகூடச் சின்னவள் ஒருநாள் கலங்கினாள்.

பாடம் ஒன்றும் கம்பசூத்திரமில்லை. முதலில் சார்ஜர் ஒயரைப் பிடுங்க வேண்டும். பிறகு பட்டனை விடாமல் அழுத்தி அணைக்க வேண்டும். பிறகு லேப்டாப்பைத் திறந்தபடியே கவிழ்த்து, கூடாரம் போல ஒரு துண்டின் மேல் நிற்க வைக்க வேண்டும், உள்ளே போனது போன வழியாகவே வடிந்துவிடும். குலுக்கக் கூடாது, வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, அரிசிக்குள் புதைத்து வைக்கிற கூத்தெல்லாம் கூடவே கூடாது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒயர். ஈரத்தால் லேப்டாப் சாவதில்லை, ஈரத்தில் ஓடும் மின்சாரத்தால்தான் சாகிறது என்பது சின்னவளின் பாடத்தின் உயிர்நாடி. அக்கா இதைத் தலைகீழாகச் சொல்வாள். சலவைப் பிரிவில் யாரோ ஒருத்தியின் மகன் லேப்டாப்பில் எதையோ கொட்டிவிட்டான் என்று தெரிந்ததும் போனைப் பிடுங்கி, "முதல்ல ஒயரைப் பிடுங்குடா, மத்ததெல்லாம் அப்புறம்" என்று அதட்டிக் காப்பாற்றிவிட்டாளாம். அதை வந்து சொன்னபோது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

எடுத்த பாடங்களெல்லாம் சின்னவளின் லேப்டாப்பில் இருந்தன. அங்கே மட்டும்தான் இருந்தன. போனில் இடம் இல்லாததால் எடுக்க எடுக்க லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு அழித்துக்கொண்டே வந்தாள். முக்கியமானதை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வருகிற போகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஓதுகிறவள், தனக்கு என்று வரும்போது ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. கெட்டுப்போனால் என்ன, நான் இருக்கிறேனே என்கிற தெனாவட்டு. பழுது பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் இந்த வியாதி உண்டு. சென்டரில் இருக்கும் எல்லோருடைய சொந்த லேப்டாப்பையும் ஒருநாள் சோதித்துப் பார்த்தால் மானம் போய்விடும்.

கடைசி நாள் வந்தது. பாடங்களைச் சரிபார்த்து, சீராக அடுக்கி முடித்திருந்தாள். சென்டரில் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவர அனுமதி இல்லை, தவிர வேறு வேலைக்குப் போகிற விஷயம் மேனேஜருக்குத் தெரியவும் கூடாது. நேரமாகிவிட்டதால், சாயங்காலம் வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, சார்ஜரைச் செருகிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அக்காவுக்கு மாலை ஷிப்ட், காலையில் வீட்டில்தான் இருப்பாள்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரல் நடுங்கியது. மேசையைத் துடைக்கும்போது கை பட்டுக் காபி டம்ளர் லேப்டாப் மேல் கவிழ்ந்துவிட்டது, இப்போதுதான், இந்த நிமிஷம்தான் என்றாள். சின்னவள் டப்பாவை மூடக்கூட இல்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது லேப்டாப் பாடத்தில் இருந்தபடியே இருந்தது. கவிழ்த்து, கூடாரமாக, வெள்ளைத் துண்டின் மேல். ஒயரைச் சுருட்டி நாற்காலியில் வைத்திருந்தாள் அக்கா. மேசை பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. அக்கா சுவரோரம் துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"நீ சொல்லிக்குடுத்த மாதிரியேதான் பாப்பா செஞ்சேன். கொட்டின உடனே முதல்ல ஒயரைப் பிடுங்கினேன். அப்புறம்தான் கவுத்தேன்."

 அந்த முகத்தைப் பார்த்ததும் சின்னவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டாள். நீ சரியாத்தான் செஞ்சிருக்க, உடனே பிடுங்கிட்டேன்னா ஒண்ணும் ஆகியிருக்காது, சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம் என்று தேற்றினாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதை வாங்கிக் குடித்தாள். பிற்பாடு இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் சின்னவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

லேப்டாப்பைத் துண்டோடு சுற்றி எடுத்துக்கொண்டு சென்டருக்கே திரும்பினாள். வயிற்று வலி தேவலை, இது பக்கத்து வீட்டுக்காரருடையது, அவசரமாம் என்று சொல்லித் தன் மேசையில் வைத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். வழக்கம்போல முகர்ந்தாள். பால் காபி. அக்கா போடுகிற காபி, அதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். அடி மூடியைத் தூக்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

மூடியின் உட்பக்கத்தில் காபி தேங்கியிருந்தது. தேங்கிய இடத்திலேயே காய்ந்து, மேலே ஆடை கட்டி, சுற்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. உடனே கவிழ்த்திருந்தால் அது கீபோர்டு வழியாக வடிந்திருக்க வேண்டும். வடியவில்லை. போதிய நேரம் நிமிர்ந்தே இருந்திருக்கிறது. சரி, பதற்றத்தில் கொஞ்சம் தாமதமாகியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விளக்கை அருகே இழுத்துப் போர்டைப் பார்த்தாள். சார்ஜர் செருகும் இடத்திலிருந்து உள்ளே போகிற பாதை முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பொரிந்துபோயிருந்தது. நடுவில் இருக்கும் ஒரு சிப் வெடித்து, சுற்றியிருந்த பலகை கருகியிருந்தது. ஒயரைப் பிடுங்கிய லேப்டாப்பில் இப்படி ஆக வழியே இல்லை. ஈரத்தின் மேல் மின்சாரம் வெகுநேரம் ஓடினால் மட்டுமே இப்படி ஆகும். இதைத்தான் அவள் மூன்றாம் பாடத்தில் படம் போட்டு விளக்கியிருந்தாள். அந்தப் படத்தைக் காட்டும்போது, ஆ, இவ்வளவு கொடுமையா என்று கன்னத்தில் கை வைத்து வாயைப் பிளந்தவள் அக்காதான்.

மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, உச்சுக் கொட்டினார்.

"யாரோ நல்லா உக்காந்து வேடிக்கை பாத்திருக்காங்க போல, மூக்கு."

"ஆமா சார்" என்றாள் சின்னவள்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் தினமும் சொல்கிற நக்கல்தான் அது.  இந்த வகை லேப்டாப்பில் எல்லாம் பதிந்திருக்கும் நினைவகம் போர்டோடு சேர்த்தே ஒட்டியிருக்கும், தனியாகக் கழற்றி வேறொன்றில் போட முடியாது. போர்டு போனால் எல்லாம் போனதுதான். தெரிந்தும் விடாமல் முயன்றாள். கழுவினாள், உலர்த்தினாள், கருகிய சிப்பை எடுத்துவிட்டு வேறொன்று வைத்துப் பார்த்தாள். ஊரான் வீட்டுப் பொருளுக்குச் செய்கிறதைவிடப் பத்து மடங்கு செய்தாள். அது கடைசிவரை ஒரு முனகல்கூட முனகவில்லை.

மாடிப்படியில் நின்று பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தாள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். பாடங்கள் தயாராகிவிட்டனவா என்று அவரே ஆவலாகக் கேட்டார். சின்னவள் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். காரணம் கேட்டபோது அவளுக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. லேப்டாப்பில் காபி கொட்டிவிட்டது என்றாள்.

 அவர் சிரித்தார். கேலியாகக்கூடச் சிரிக்கவில்லை, பாவம், அடக்க முடியாமல்தான் சிரித்தார். "மேடம், காபி கொட்டினா என்ன செய்யணும்னு சொல்லிக்குடுக்கத்தான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றார். அவள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மேலே இருப்பவர்களிடம் இதைக் காரணமாகக் கொண்டுபோய்ச் சொல்ல முடியாது, இன்னொருவர் எல்லாவற்றையும் நேற்றே அனுப்பிவிட்டார் என்றும் சொல்லி, பொறுமையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். எத்தனை வாடிக்கையாளர்களின் கதையை நம்பாமல் முகர்ந்து பார்த்திருக்கிறாள் அவள். இன்று அவள் சொன்ன உண்மை பொய்யைவிட மோசமாகக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு நடந்தே போனாள். வழி நெடுக அக்காவுக்காக வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டு போனாள். பயத்தில் மறந்திருப்பாள். கை கால் ஓடியிருக்காது. மயக்கம்கூட வந்திருக்கலாம், ரத்த அழுத்தம் இருக்கிற உடம்பு. ஆனால் மறந்தவள் மறந்துவிட்டேன் என்றுதானே சொல்வாள்? கொட்டின உடனே முதல்ல ஒயரைப் பிடுங்கினேன் என்று வரிசை தப்பாமல் எதற்குச் சொல்ல வேண்டும்? 

அக்கா வேலைக்குப் போகவில்லை, லீவு போட்டிருந்தாள். சமைத்து மூடி வைத்திருந்தாள். சின்னவள் செருப்பைக் கழற்றுவதற்குள் என்ன ஆச்சு என்று கேட்டாள். போச்சு என்றாள் சின்னவள். பாடம்? பாடமும் போச்சு. வேலை? அதுவும்தான்.

அக்காவின் முகம் சுருங்கியது. உடனே சுருங்கியிருந்தால் சின்னவள் வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பாள். சுருங்குவதற்கு முன்னால் ஒரு கணம் அந்த முகம் இளகியது. பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தவளின் முகம் அது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஒயரை எப்ப பிடுங்கின?"

"சொன்னேனே பாப்பா. கொட்டின உடனே."

"எனக்குத் தெரியும்க்கா. நான் தெறந்து பாத்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். எத்தனையோ முகங்கள் அவள் முன்னால் இப்படிக் குனிந்திருக்கின்றன, ஆனால் இந்த முகம் குனிந்தபோது பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தூக்கி வளர்த்த முகம் அது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையின் மேல் கையால் எதையோ துடைப்பது போலத் துடைத்தாள், அங்கே எதுவும் இல்லை.

"கை தவறித்தான் கொட்டுச்சு. அம்மா சத்தியமா அது வேணும்னு இல்ல. நீ கெளம்பிப் போன கொஞ்ச நேரத்துலயே கொட்டிடுச்சு. ஒயரைப் பிடுங்கத்தான் கையை நீட்டினேன். ஓரத்துல ஒரு சின்ன வெளக்கு எரியும்ல, அது எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதையே பாத்துட்டு உக்காந்துட்டேன். அணைஞ்சதுக்கு அப்புறம்தான் எந்திரிச்சேன்."

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேண்டுமென்றே காபியை ஊற்றியிருந்தால்கூட, ஏதோ ஆத்திரத்தில் செய்தாள் என்று ஒருநாள் மன்னித்துவிடலாம். ஆத்திரம் ஒரு நொடிக்கு மேல் நிற்காது. இது அப்படி இல்லை. ஒவ்வொரு நிமிஷமும் கையை நீட்டியிருக்கலாம், ஒவ்வொரு நிமிஷமும் நீட்டாமல் இருந்திருக்கிறாள். விளக்கு அணைகிறவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு எழுந்து மேசையைத் துடைத்து, ஒயரைச் சுருட்டி, கற்றுக்கொடுத்தபடியே கூடாரம் கட்டி வைத்துவிட்டு, குரலை நடுங்கவிட்டு போன் செய்திருக்கிறாள். ஐயையோ என்று நெஞ்சில் கை வைத்து அலறப் பழக்கிக் கொடுத்ததும் தான்தான் என்பது அப்போதுதான் சின்னவளுக்கு நினைவுக்கு வந்தது.

அக்கா சும்மா இருக்கவில்லை. குற்றம் வெளியான பிறகு வருகிற தைரியம் அவளுக்கும் வந்தது. போகிறேன் என்றுதான் சொன்னாயே தவிர, போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா என்றாள். நீ போன பிறகு இந்த நாலு சுவரோடு நான் என்ன பேசுவேன் என்று என்றைக்காவது யோசித்தாயா என்றாள். வேஷம் கட்டி நடிக்கக் கூப்பிட்டாயே, எதற்காக நடிக்கிறேன் என்று தெரிந்தேதான் நடித்தேன், தினமும் நீ போவதற்கு நானே மூட்டை கட்டுகிற மாதிரி இருந்தது என்றாள். நியாயம் இல்லாமல் இல்லை. சின்னவள் கேட்கவில்லைதான். கேட்டால் போக முடியாது என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அந்த வரன் இன்றும் வந்தான். சரின்னு சொல்லியிருந்தா என்று அக்கா தொடங்கியபோது சின்னவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் முறையாக அக்கா பாதியில் நிறுத்தப்பட்டாள்.

 அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வரும்போது குரலில் பழைய சகஜம் வந்திருந்தது. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையிடம் பேசுகிற குரல்.

"சரி, போனது போகட்டும் பாப்பா. வேலைதான் இல்லைன்னு ஆயிடுச்சே. இங்க இருக்கிற வேலைக்கு என்ன குறைச்சல்? கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

"நான் போறேன்க்கா."

"எங்க போவ? அங்கதான் வேலை இல்லையே."

"வேலை கெடைச்சிருந்தா வேலைக்காகப் போயிருப்பேன். மாசா மாசம் ஓடி வந்திருப்பேன், தெனம் போன் பண்ணியிருப்பேன். இப்ப நான் வேலைக்காகப் போகல. உன்னை விட்டுப் போறேன்."

இதைச் சொன்னபோது அவள் குரல் உயரவில்லை. வேண்டுமென்று புண்படுத்தச் சொன்னதும் இல்லை, நடக்கப்போவதைச் சொன்னாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவள் கெஞ்சவும் இல்லை. மூடி வைத்திருந்த சாப்பாட்டின் மூடியை எடுத்து, உள்ளே பார்த்து, மறுபடி மூடினாள்.

பெட்டி அலமாரியின் உச்சியில் இருந்தது. சின்னவள் சமையலறையிலிருந்து ஸ்டூலை இழுத்துவந்து போட்டு ஏறினாள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஏறி நின்று கையை நீட்டியதும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. விழப்போகிறோம் என்று அவள் நினைத்த அதே நொடியில் அக்கா ஓடி வந்து ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எங்கே நின்றாள், எப்படி வந்தாள் என்றே தெரியவில்லை, அவ்வளவு வேகம். சின்னவள் பெட்டியை இழுத்தாள். தூசி அக்காவின் தலையில் விழுந்தது, அவள் கையை எடுக்கவில்லை.

"பாத்து எறங்கு" என்றாள் அக்கா.